இயந்திரம் தன் நிலையைச் சொல்ல வேண்டும்

1990 பிப்ரவரி 14 அன்று நடுப்பகலில், பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 விமானம் பெங்களூர் ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே கோல்ஃப் மைதானம் ஒன்றில் மோதித் தீப்பிடித்தது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். வானம் தெளிவாக இருந்தது. எஞ்சின்களில் கோளாறு இல்லை. ஏர்பஸ் ஏ320 என்ற அந்தப் புது ரக விமானம் இந்தியாவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இறங்குவதற்கான கடைசிக் கட்டத்தில் அதன் இரண்டு எஞ்சின்களும் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில் ஓடிக்கொண்டிருந்தன. வேகம் குறைந்துகொண்டே போனது, விமானம் இருக்க வேண்டிய பாதைக்குக் கீழே தாழ்ந்துகொண்டே வந்தது. விமானிகள் அதை உணர்ந்து முழு விசையையும் கொடுத்தபோது காலம் கடந்துவிட்டது. நிலைமையின் தீவிரத்தை விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை என்பதே விசாரணை நீதிமன்றத்தின் முடிவு. ஆனால் எஞ்சின்கள் ஏன் ஐடிலுக்குப் போயின என்ற கேள்விக்கு அந்த விசாரணை ஒரு சாத்தியத்தையும் முன்வைத்தது. நிமிடத்துக்கு 700 அடி என்ற இறங்குவேகத்தைப் பதிய வேண்டிய இடத்தில், பக்கத்திலிருந்த வேறொரு குமிழைத் திருகி, 700 அடி என்ற உயரத்தைப் பதிந்திருக்கலாம் என்பதுதான் அது. பெங்களூர் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருந்தது. அப்படியென்றால், பூமிக்கு அடியில் இருக்கும் ஓர் உயரத்துக்கு இறங்கு என்ற கட்டளையை இயந்திரம் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு, எஞ்சின் விசையைத் தணித்து இறங்கத் தொடங்கியிருக்கிறது.

விசாரணையின் முடிவும் இந்தச் சாத்தியமும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. குமிழ் மாறியிருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க விமானிகளுக்குச் சில நொடிகள் இருந்தன. அந்த நொடிகளில் விமானம் அவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதே என் கேள்வி. பழைய ஜெட் விமானங்களில் தானியங்கி எஞ்சின் விசையைக் குறைத்தால், விமானியின் கைக்குக் கீழே இருக்கும் விசை லிவர்களும் தாமாகவே பின்னால் நகரும். வெளியே ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் விசை குறைகிறது என்று கை சொல்லிவிடும். ஏ320இல் தானியங்கி விசையை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் லிவர்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். தானியங்கி எந்த முறையில் இயங்குகிறது என்பது திரையின் மேல்விளிம்பில் சில எழுத்துகளாகத் தெரியும். தகவல் இருக்கிறது, ஆனால் கையிலிருந்து கண்ணுக்கு இடம் மாறிவிட்டது. கண்ணோ அந்த நேரத்தில் வேறு வேலையில் இருக்கிறது. வாகனத்தையோ இயந்திரத்தையோ இயக்குபவருக்கு உதவும் தொழில்நுட்பத்தின் முதல் கடமை அவருடைய வேலையைக் குறைப்பது என்று பொதுவாக நம்பப்படுகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. இயந்திரம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறது என்பதை அவர் தேடாமலே அறியும்படி வைப்பதுதான் முதல் கடமை. வேலைக் குறைப்பு அதற்குப் பிறகு வரலாம். முதலாவதைக் கைவிட்டுவிட்டு இரண்டாவதைச் செய்த இடங்களில் எல்லாம் விபத்துகள் நடந்திருக்கின்றன.

இயக்குபவருக்கு ஏற்ப இயந்திரத்தை வடிவமைக்கும் துறை ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் பிறந்ததல்ல, ஓடுபாதையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் விசித்திரமான ஒரு விபத்துக்கு ஆளாகின. பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் சக்கரங்கள் திடீரென உள்ளே மடங்கிக்கொள்ளும், விமானம் வயிற்றால் தரையில் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும். இறங்கியவுடன் இறக்கைகளின் ஃப்ளாப்புகளை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கும் விசையைத் தட்டியிருப்பார். ‘விமானியின் பிழை’ என்று கோப்பில் எழுதி மூடிவிட்டார்கள். 1943இல் இதை ஆராய்ந்த அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி இருந்தன, அடுத்தடுத்து இருந்தன. அதே விமானப்படையில் சி-47 சரக்கு விமானத்தை ஓட்டியவர்களுக்கு இந்தத் தவறு நேரவில்லை. அதில் அந்த விசைகள் வேறுவேறு அமைப்பில் வேறுவேறு இடங்களில் இருந்தன. சப்பானிஸ் சொன்ன தீர்வு எளிமையானது. சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரம் ஒன்று, ஃப்ளாப் விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்று. இருட்டில், களைப்பில், கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாலும் விரல்கள் வித்தியாசத்தைச் சொல்லிவிடும். இன்று உலகெங்கும் பறக்கும் பயணிகள் விமானங்களில் சக்கர விசை வட்டமாகவும் ஃப்ளாப் விசை தட்டையாகவும் இருக்க வேண்டும் என்பது விதி.

பி-17க்கும் சி-47க்கும் இடையிலான அந்த ஒப்பீடு, திட்டமிடாமலே நடந்த ஒரு பரிசோதனை. ஒரே விமானப்படை, ஒரே போர், ஒரே களைப்பு. இந்தத் தவறைப் பொறுத்தவரை மாறியது விசைகளின் அமைப்பு. போர் முடிந்து 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் விமானிகளிடமிருந்து தவறான இயக்கங்கள் 460ஐக் கேட்டுத் தொகுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பாதி, ஒரு விசை என்று நினைத்து இன்னொன்றை இயக்கிய தவறுகள். இவை புதியவர்களிடம் மட்டும் நிகழவில்லை. ஒரு ரக விமானத்தில் நன்றாகப் பழகிய கை, விசைகள் இடம் மாறியிருக்கும் இன்னொரு ரகத்திலும் பழைய இடத்துக்கே போனது. பழக்கம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உறுதியாகத் தவறான இடத்துக்குப் போனது. ‘நல்ல பயிற்சி கொடுத்தால் போதும், இயந்திரத்தை ஏன் மாற்ற வேண்டும்’ என்ற வாதம் இன்றும் எல்லாத் தொழிற்சாலைகளிலும் பணிமனைகளிலும் கேட்கிறது. அதற்குப் பதில் அந்த 460 நிகழ்வுகளிலேயே இருக்கிறது. பயிற்சி என்பது கையைப் பழக்குவது. அமைப்பு தவறாக இருந்தால், பயிற்சியே சில நேரங்களில் தவறுக்குக் காரணமாகிவிடும்.

பெங்களூர் விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1992 ஜனவரி 20 இரவில், லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320 விமானம் ஒரு மலைச்சரிவில் மோதியது. 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அந்த காக்பிட்டின் குமிழ் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். விமானம் எவ்வளவு செங்குத்தாக இறங்க வேண்டும் என்பதைப் பதியும் குமிழ் அது. அதற்கு இரண்டு இயங்குமுறைகள் உண்டு. ஒன்றில் அது கோணம், இன்னொன்றில் நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. எந்த முறை என்பதைத் தனி பொத்தான் ஒன்று மாற்றும். விமானிகள் மனத்தில் இருந்தது 3.3 பாகைக் கோணம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். இறங்குவேக முறையிலோ, அதே சாளரத்தில் 33 என்று தெரிந்தால் அதன் பொருள் நிமிடத்துக்கு 3,300 அடி. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். விமானிகள் நினைத்த இறக்கத்தைப் போல நான்கு மடங்கு. ‘3.3’க்கும் ‘33’க்கும் இடையே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை இரவில், வேலை நெருக்கடியில் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது அந்த வடிவமைப்பு. மலையை நெருங்கும்போது கூவி எச்சரிக்கும் கருவியையும் அந்த நிறுவனம் தன் விமானங்களில் பொருத்தியிருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு ஏர்பஸ் செய்த மாற்றங்களில் ஒன்று, இறங்குவேகத்தை நான்கு இலக்கங்களில் முழுதாகக் காட்டுவது. 3,300 என்று தெரிந்தால் அதை 3.3 என்று யாரும் வாசிக்கப் போவதில்லை. செலவென்று சொல்ல ஒன்றுமில்லாத அந்தத் திருத்தத்தை, முதல் விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் முன்பே, பத்துச் சாதாரண விமானிகளைப் பாவனைக் காக்பிட்டில் உட்காரவைத்துப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்றே நான் நம்புகிறேன்.

இயந்திரம் தன் நிலையைச் சொல்லாமல் இருப்பதைவிட மோசமானது, தன் நிலை என்று வேறொன்றைச் சொல்வது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மூடிக்கொள்ளவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று இயக்குபவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை, வால்வுக்குப் போகும் மின்கட்டளையோடு இணைக்கப்பட்டிருந்தது. மூடு என்று சொல்லப்பட்டுவிட்டது என்பதை மட்டுமே அது காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வால்வு வழியாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருக்க, நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை விளக்குகளும் மணிகளும் ஒரே நேரத்தில் அலறின. இந்த இரண்டாவது அம்சமும் முக்கியம். பிரச்சினை எதுவானாலும் இன்னொரு எச்சரிக்கை ஒலியைச் சேர்த்துவிடுவது வடிவமைப்பாளர்களின் வழக்கமாகிவிட்டது. எல்லாம் ஒரே குரலில் கத்தினால் எதுவுமே சொல்லப்படவில்லை என்றுதான் ஆகும். அதற்கு நேர்மாறானது 1995 ஜூன் 10 அன்று அமெரிக்காவின் நான்டக்கெட் தீவருகே மணல்திட்டில் ஏறிய ராயல் மெஜஸ்டி என்ற சுற்றுலாக் கப்பலின் கதை. பெர்முடாவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்திலேயே அதன் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கம்பி கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. கப்பலின் வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்து உத்தேசமாக இடத்தைக் கணித்துக் காட்டத் தொடங்கியது. தான் இப்படி மாறிவிட்டதைத் திரையின் மூலையில் சில சிறு எழுத்துகளில் சொன்னது. ஒரு நாளுக்கும் மேலாக, பணி மாறி மாறி வந்த அதிகாரிகள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தரைதட்டியபோது கப்பல் தன் பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. ஓர் இடத்தில் நூறு மணிகள், இன்னோர் இடத்தில் சில சிறு எழுத்துகள். இரண்டிலும் இயக்குபவர் அறிய வேண்டிய ஒரே செய்தி அவரை எட்டவில்லை.

இதற்குப் பல ஆண்டுகள் கழித்து, இவை எல்லாம் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்ட பிறகு, அமெரிக்கக் கடற்படை தன் நாசகாரிக் கப்பல்கள் சிலவற்றில் சுக்கானுக்கும் விசைக்குமான இயக்கத்தைத் தொடுதிரைக்கு மாற்றியது. 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில் சிங்கப்பூர் நீரிணையருகே, கப்பல் நெரிசல் மிகுந்த வழியில், ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற கப்பல் அப்படித்தான் ஓட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சுக்கானையும் வேகத்தையும் ஒருவரே பார்த்துக்கொள்வது சிரமமாயிருப்பதைக் கண்ட கேப்டன், வேகத்தை அடுத்த இருக்கையில் இருப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். திரையில் அதைச் செய்தபோது, வேகத்தோடு சுக்கானும் அந்த இருக்கைக்குப் போய்விட்டது. சுக்கான்காரருக்கு அது தெரியவில்லை. சுக்கான் வேலை செய்யவில்லை என்று அறிவித்தார். வேகத்தைக் குறைக்க உத்தரவு வந்தது. ஆனால் இரண்டு எஞ்சின் விசைகளையும் இணைத்து இயக்கும் அமைப்பு விலகியிருந்ததால் ஒரு பக்கம் மட்டும் குறைந்தது. கப்பல் இடப்பக்கம் திரும்பி, எண்ணெய்க் கப்பல் ஒன்றின் குறுக்கே போனது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். அன்று பணியில் இருந்தவர்களில் சிலர் வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள், அங்கே இருந்த அமைப்பு வேறு. பயிற்சியும் மேற்பார்வையும் போதவில்லை என்பதை விசாரணை தெளிவாகவே சொன்னது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கையால் தள்ளும் இரண்டு லிவர்கள் இருந்திருந்தால், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்பது அந்த அறையில் இருந்த எவர் கண்ணிலும் பட்டிருக்கும். திரையில் அது ஓர் எண். 2019இல் கடற்படையே பழைய மாதிரி லிவர்களுக்குத் திரும்புவதாக அறிவித்தது. மாலுமிகளிடம் கேட்டபோது அவர்கள் வேண்டியதும் அதைத்தான். புதியதைப் பொருத்தும் முன் அவர்களைக் கேட்டிருக்கலாம்.

சாலைக்கு வந்தால், இதே தொடுதிரை இன்று கார்களில் பெருமையின் அடையாளமாகிவிட்டது. 2022இல் ஸ்வீடனின் வி பிலாகரே என்ற கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார்களை ஓட்டி, இருக்கைச் சூட்டை ஏற்றுவது, வானொலியை வைப்பது போன்ற நான்கு சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். காரோடு பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே அவகாசமும் தந்தார்கள். பொத்தான்கள் மட்டுமே கொண்ட 2005ஆம் ஆண்டு வால்வோ ஒன்றில் எல்லாம் 10 நொடிகளில் முடிந்தன. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. தொடுதிரை கொண்ட எம்ஜி மார்வெல் ஆர் என்ற புதுக் காரில் 44.9 நொடிகள் ஆயின. அந்த நேரத்தில் கார் கடந்த தூரம் 1,372 மீட்டர். ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், கண் சாலைக்கும் திரைக்கும் இடையே அலைந்தபடி. தொடுதிரைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. அது மலிவு, ஒரே திரையில் ஐம்பது வசதிகளை அடக்கலாம், மென்பொருள் வழியாகப் பின்னர் திருத்தலாம். வரைபடத்தைக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஓடும்போது தேவைப்படுவதும் நிற்கும்போது தேவைப்படுவதும் ஒன்றல்ல என்பதைத்தான் அந்த வாதம் மறந்துவிடுகிறது. திடீர் மழையில் வைப்பரைத் தேடிப் பட்டியலுக்குள் பட்டியலாக நுழைவது எந்த வசதியும் இல்லை. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பெண் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, திசைகாட்டி விளக்கு, அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தொட்டுணரக்கூடிய தனி விசைகள் இருப்பதை 2026 முதல் தன் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது. சப்பானிஸின் ரப்பர் சக்கரம் எண்பது ஆண்டுகள் கழித்துக் காருக்குள் வருகிறது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். குற்றத்தை எல்லாம் வடிவமைப்பின் மேல் சுமத்திவிட்டால், இயக்குபவருக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாதா? தூங்கிவிட்ட ஓட்டுநரும், கைபேசியில் பேசிக்கொண்டே கிரேனை இயக்குபவரும் இதைக் கேடயமாகப் பிடிக்க மாட்டார்களா? கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு பொறுப்புகளும் ஒரே அளவு நீரைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு பாத்திரங்கள் அல்ல, ஒன்றில் ஊற்றினால் இன்னொன்றில் குறைவதற்கு. பெங்களூரில் விமானிகள் பொறுப்பானவர்கள் என்று தீர்ப்பளித்த பிறகும், அந்த இரண்டு குமிழ்கள் அடுத்த விமானத்திலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்திருக்கும். தண்டனை ஒரு மனிதரை அப்புறப்படுத்துகிறது, அவர் இடத்தில் வருபவரும் மனிதர்தான். தண்டனையே முதன்மையாகும் இடத்தில் இன்னொரு இழப்பும் நேர்கிறது. தப்பிப் பிழைத்தவர் வாய் திறப்பதில்லை. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே டிடபிள்யூஏ நிறுவனத்தின் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதே இடத்தில், இறங்குவதற்குத் தரையிலிருந்து கிடைத்த அனுமதி வாசகத்தை அதே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டு, ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. இதன் விளைவாகத்தான் 1976இல் அமெரிக்காவில், தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசாவின் பொறுப்பில், பெயரை மறைத்துத் தவறுகளைத் தெரிவிக்கும் ஏற்பாடு தொடங்கியது. விமானிகள் தாங்கள் செய்த தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். எந்தக் குமிழ் குழப்புகிறது, எந்த எழுத்து சிறியது என்பது விபத்து நடக்கும் முன்பே தெரியவருகிறது. நம் ரயில்வேயில் சிவப்பு சிக்னலைக் கடந்துவிட்ட லோகோ பைலட்டுக்கு வேலையே போகலாம் என்பதை எல்லோரும் அறிவார்கள். சிக்னலைக் கடக்கும் முன் நூலிழையில் நிறுத்தியவர், அது ஏன் நேர்ந்தது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியுமா? அந்த சிக்னல் ஒரு வளைவுக்கு அப்பால் மரக்கிளை மறைவில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

ஏ320 குடும்பம் இன்று உலகில் மிக அதிகமாகப் பறக்கும், மிகப் பாதுகாப்பான விமானங்களில் ஒன்று என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். தானியங்கிகள் மொத்தத்தில் விபத்துகளைக் குறைத்திருக்கின்றன. ஆகவே பெங்களூரும் ஸ்ட்ராஸ்பூர்க்கும் தொடக்ககாலச் சிக்கல்கள்தாமே என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் இந்த வாதம் எனக்கு ஆதரவாகவே திரும்புகிறது. சாளரத்தின் இலக்கங்கள் மாறின, எச்சரிக்கைக் கருவிகள் கட்டாயமாயின, பயிற்சிகள் திரும்ப எழுதப்பட்டன. அந்த விமானம் பாதுகாப்பானது இவ்வளவு திருத்தங்களுக்குப் பிறகுதான். அவற்றின் விலையை முன்கூட்டியே, சோதனைக் கூடத்தில் செலுத்தியிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

‘இதெல்லாம் இன்னும் சில காலத்துக்குத்தான், மனிதரையே எடுத்துவிட்டால் மனிதப் பிழையும் போய்விடும்’ என்பது இன்னொரு பதில். இதற்கான மறுமொழியை 1983இலேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சிறிய கட்டுரை ஒன்றில் எழுதிவிட்டார். தானியங்கி எளிய வேலைகளை எடுத்துக்கொள்கிறது, தன்னால் முடியாத கடினமானவற்றை மனிதரிடம் விடுகிறது. அன்றாடம் இயக்காததால் அவர் திறன் மங்கியிருக்கும் வேளையில், மிக அசாதாரணமான சூழலில், சில நொடிகளில் பொறுப்பேற்கச் சொல்கிறது. இடைப்பட்ட நேரம் முழுவதும் சும்மா உட்கார்ந்து கவனித்திரு என்கிறது. சும்மா உட்கார்ந்து கவனிப்பது மனிதரால் சரியாகச் செய்ய முடியாத வேலை. ரேடார் முன் உட்காரும் காவலர்களுக்காக நார்மன் மேக்வொர்த் நடத்தி 1948இல் வெளியிட்ட சோதனைகளில், முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்குவது தெரிந்தது. இது சோம்பல் இல்லை, மூளையின் இயல்பு. நம் ரயில் எஞ்சின்களில் லோகோ பைலட் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்க ஒரு கருவி இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் எந்த விசையையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும், அப்போதும் பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் பிடிக்கும். மயங்கி விழுந்தவரைக் கண்டுபிடிக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் பல ஆண்டுகள் பழகிய கை, கவனம் எங்கோ இருக்கும்போதும் பொத்தானை அழுத்தும். கருவி அளப்பது கையின் அசைவை, கவனத்தை அல்ல. இதோடு ஜப்பானிய ரயில் ஓட்டுநர்களின் வழக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் ஒவ்வொரு சிக்னலையும் வேகமானியையும் கையால் சுட்டி, வாயால் உரக்கச் சொல்கிறார்கள். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் நடத்திய எளிய சோதனையில், சுட்டாமலும் சொல்லாமலும் செய்தபோது 100 செயல்களுக்கு 2.38ஆக இருந்த தவறுகள், இரண்டையும் செய்தபோது 0.38ஆகக் குறைந்தன. நம் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதும் இதே அறிவைச் சேர்ந்ததுதான். ஒன்று மனிதரை அவ்வப்போது தட்டிப் பார்க்கிறது. இன்னொன்று அவரை வேலைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நல்ல தொழில்நுட்பம் இரண்டாவதன் பக்கம் நிற்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் திரும்பத் திரும்ப அதே தவறு? என் கணிப்பில், இயந்திரத்தை வாங்குபவரும் இயக்குபவரும் வேறுவேறு ஆட்கள் என்பதுதான் பெரிய காரணம். கப்பலைக் கடற்படைத் தலைமை வாங்குகிறது, மாலுமி ஓட்டுகிறார். பேருந்தைப் போக்குவரத்துக் கழகம் வாங்குகிறது, ஓட்டுநர் நாள் முழுக்க அதில் உட்கார்ந்திருக்கிறார். அறுவடை இயந்திரத்தின் முதலாளி ஒருவர், வயலில் அதன் மேல் இருப்பவர் இன்னொருவர். வாங்குபவரின் கண்ணுக்கு விலையும் மைலேஜும் திரையின் பளபளப்பும் தெரிகின்றன. கிளட்சை மிதிக்க இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டியிருப்பது அவருக்குத் தெரிவதில்லை. யாருடைய உடலுக்காக இயந்திரம் செய்யப்படுகிறது என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. அமெரிக்க விமானப்படை 1950இல் 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்தது. அவற்றில் காக்பிட்டுக்கு முக்கியமான பத்து அளவுகளில் எல்லாவற்றிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. நகர்த்தக்கூடிய இருக்கைகளும் மிதிகளும் அதற்குப் பிறகுதான் வந்தன. இந்தியாவிலும் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், பெண்களையும் சேர்த்து, விவசாயத் தொழிலாளர்களின் உடலளவுகளையும் கைகால் வலிமையையும் பல மாநிலங்களில் அளந்து தொகுத்திருக்கிறது. டிராக்டரையும் பவர் டில்லரையும் வடிவமைக்க வேண்டிய தரவு கையில் இருக்கிறது. கொள்முதல் விதிகளில் அது ஒரு நிபந்தனையாக ஏறினால்தான் வயலுக்குப் போய்ச் சேரும்.

இப்போது நம் முன்னால் நடந்துகொண்டிருக்கும் பெரிய மாற்றம் ‘கவச்’. 2020இல் தேசிய ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்கப்பட்ட இது, சிக்னலின் நிலையை எஞ்சினுக்குள்ளேயே திரையில் காட்டும். லோகோ பைலட் பிரேக் பிடிக்கத் தவறினால் தானே பிடிக்கும். இது வேண்டும், சீக்கிரம் வேண்டும். ஆனால் நாடு முழுவதும் ஒரே நாளில் வந்துவிடாது. ஒரே பயணத்தில் கவச் உள்ள பாதையிலிருந்து இல்லாத பாதைக்கும், மறுபடி உள்ள பாதைக்கும் ரயில் போகும் காலம் ஒன்று இருக்கும். அமைப்பு முழுதாகக் காக்கும் முறை, அரைகுறையாகக் காக்கும் முறை, எல்லாம் ஓட்டுநர் பொறுப்பு என்ற முறை எனப் பல இயங்குமுறைகள் அதற்குள் இருக்கின்றன. ராயல் மெஜஸ்டியின் மூலையெழுத்துகளும் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஒற்றைப் புள்ளியும் கேட்கும் கேள்வி இதற்கும் பொருந்தும். காப்பு விலகும் அந்த எல்லையை ரயில் தாண்டும்போது, தொடர்ந்து பல மணி நேரம் பணியில் இருக்கும் லோகோ பைலட்டுக்கு, அடைமழை இரவில், திரையைப் பார்க்காமலே அது தெரியுமா? தெரியும் என்று அதை வடிவமைத்தவர்கள் சொல்வது போதாது. வெவ்வேறு கோட்டங்களிலிருந்து, வெவ்வேறு வயதிலும் உயரத்திலும் உள்ள லோகோ பைலட்டுகளைப் பாவனைக் கேபினில் உட்காரவைத்து, ஒரு பணிநேரம் முழுக்க ஓட்டச் சொல்லிவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் இயங்குமுறையை மாற்றி, எத்தனை பேர் எத்தனை நொடிகளில் கவனித்தார்கள் என்று குறிக்க வேண்டும். கவனிக்காதவர்களின் பெயரைக் குறிக்கக் கூடாது. திரையை மாற்றி, அவர்களையே மறுபடி உட்காரவைக்க வேண்டும்.